மறக்கப்பட்ட மெக்கானிக் சார்ல்ஸ் டெய்லர்

ஆகாய விமானத்தைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்று மூன்றாம் ஆண்டுப் பிள்ளையைக் கேட்டாலும் ரைட் சகோதரர்கள் என்று பட்டென்று பதில் வரும். சரியான பதில்தான். ஆனால் அந்த விமானத்துக்கு இஞ்சின் செய்து கொடுத்தவர் யார் என்று கேட்டால் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களாகிய நாமும் முழிப்போம். அண்ணன் வில்பர் ரைட்டும் தம்பி ஆர்வில் ரைட்டும் கணக்குப் போட்டார்கள், இறக்கை கட்டினார்கள், உயிரைப் பணயம் வைத்துப் பறந்தார்கள். இஞ்சினைச் செய்தது அவர்கள் சைக்கிள் கடையில் வாரச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு மெக்கானிக். அவர் பெயர் சார்ல்ஸ் எட்வர்ட் டெய்லர். கடையில் எல்லாரும் சார்லி என்றுதான் கூப்பிடுவார்கள்.

பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! விழா மலரில் எழுத எத்தனையோ மன்னர்களும் தலைவர்களும் புலவர்களும் இருக்க, ஒரு மெக்கானிக்கின் கதையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மனிதனை ஏற்றிக்கொண்டு முதன்முதலில் பறந்த விமானத்தின் இஞ்சின் எப்படி உருவானது என்ற வரலாறு, இந்த ஒரு மனிதரின் கையிலும் ஞாபகத்திலும்தான் இருந்தது. அதை யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. கொஞ்சம் ஏமாந்திருந்தால் அவரோடு சேர்ந்து அதுவும் மண்ணுக்குள் போயிருக்கும்.

டெய்லர் 1868ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் தேதி அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த செரோ கோர்டோ என்ற சிற்றூரில் பிறந்தார். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடிசை வீடு. பிறகு குடும்பம் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகருக்குக் குடி போனது. பன்னிரண்டு வயதோடு படிப்பு நின்றுவிட்டது. ஒரு பத்திரிகை அலுவலகத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அதன்பின் புத்தகம் கட்டும் வேலை. ஆனால் மனசெல்லாம் மிஷின்மேல்தான். கழற்றுவது, மாட்டுவது, சாமான் செய்வது என்று கையாலேயே தொழிலைக் கற்றுக்கொண்டார். காலேஜ் கிடையாது, பட்டம் கிடையாது.

ஹென்ரியெட்டா வெபர்ட் என்ற பெண்ணை மணந்தார். கல்யாணம்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது எனலாம். பெண்ணின் சிற்றப்பா முறையான ஒருவருக்கு ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் ஒரு கட்டடம் இருந்தது. அதை வாடகைக்கு எடுத்துச் சைக்கிள் கடை நடத்திக்கொண்டிருந்தவர்கள்தாம் ரைட் சகோதரர்கள். டெய்லர் குடும்பத்தோடு டேட்டனுக்கு வந்து, ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, பிறகு சொந்தமாகச் சின்னப் பட்டறை போட்டார். சகோதரர்கள் தங்கள் சைக்கிளுக்கு வேண்டிய சில சாமான்களை அவரிடம் செய்து வாங்கினார்கள். அந்தப் பழக்கத்தில் 1901ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் தேதி அவரைத் தங்கள் கடைக்கே அழைத்துக்கொண்டார்கள். மணிக்கு 30 காசு, வாரத்துக்கு 18 டாலர் சம்பளம். அந்தக் காலத்தில் அது நல்ல சம்பளம்.

சகோதரர்கள் கிட்டி ஹாக் என்னும் கடற்கரைக்குப் போய் இஞ்சின் இல்லாத கிளைடரை வைத்துப் பறந்து பார்ப்பார்கள். அந்த நாட்களில் கடையைக் கவனித்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டுமே, அதற்குத்தான் டெய்லர். ஆனால் சகோதரர்களின் தங்கை கேத்தரினுக்கு அவரைப் பிடிக்காது. கேத்தரின் பள்ளி ஆசிரியை, கண்டிப்பானவர். ரைட் வீட்டில் யாரும் புகைப்பதில்லை, குடிப்பதில்லை. டெய்லரோ விடாமல் சுருட்டுப் பிடிப்பவர். எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற மாதிரி நடந்துகொள்வார் என்பதும் அந்த அம்மாளின் குறை. இரண்டு பேருக்கும் அடிக்கடி உரசல். ஆனாலும் சகோதரர்கள் அவரை விடவில்லை. வேலை தெரிந்த கையை யார் விடுவார்?

1901ஆம் ஆண்டுக் கடைசியில் சகோதரர்கள் இறக்கையின் வடிவத்தைச் சோதிக்க ஒரு மரப்பெட்டிக்குள் காற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். அந்தப் பெட்டிக்குள் வைத்து அளக்கும் கருவிகளை ஹாக்ஸா பிளேடுகளையும் சைக்கிள் கம்பிகளையும் வைத்தே செய்தார்கள். பிளேடுகளைத் தீட்டிக் கொடுத்து உதவியவர் டெய்லர். அந்தச் சோதனையின் பலனாக 1902இல் அவர்கள் கிளைடர் நன்றாகப் பறந்தது. இனி வேண்டியது இஞ்சின் ஒன்றுதான்.

அவர்கள் போட்ட கணக்குப்படி குறைந்தது 8 குதிரைச் சக்தி வேண்டும். எடை 180 ராத்தல் அளவுக்குள் இருக்க வேண்டும். மோட்டார் கார் இஞ்சின் செய்யும் பல கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தக் காலத்து மோட்டார் இஞ்சின் எல்லாம் வெறும் இரும்புப் பாரம். கேட்ட எடையில் கேட்ட சக்தியைத் தர எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. சரி, நாமே செய்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். நாமே என்றால் யார்? சார்லிதான். அதற்கு முன் பெட்ரோல் இஞ்சின் விஷயத்தில் அவருக்கு இருந்த அனுபவம் ஒரு மோட்டார் காரின் இஞ்சினைப் பழுது பார்க்க முயன்றது மட்டும்தான்.

கடையில் இருந்த மிஷின் எத்தனை என்று நினைக்கிறீர்கள்? ஒரு லேத்து, ஒரு துளை போடும் மிஷின், சில கைச்சாமான்கள். லேத்தை ஓட்டுவதற்கு, சகோதரர்களே முன்பு செய்து வைத்திருந்த ஒரு சின்ன கேஸ் இஞ்சின். அவ்வளவுதான். ஒழுங்கான வரைபடம் எதுவும் போடவில்லை. மூன்று பேரும் நின்று பேசுவார்கள். எந்தச் சாமான் வேண்டுமோ அதை ஒருவர் கிடைத்த துண்டுத் தாளில் கிறுக்குவார். டெய்லர் அந்தத் தாளை ஆணியில் குத்தித் தம் வேலை மேசைக்கு மேலே தொங்கவிட்டுக்கொள்வார். அதைப் பார்த்துப் பார்த்துச் செய்வார். அந்தத் துண்டுத் தாள்கள்தாம் அந்த இஞ்சினின் சரித்திர ஏடுகள். அப்போது அது யாருக்குத் தெரியும்?

கிராங்க் ஷாப்ட் என்பது இஞ்சினின் முதுகெலும்பு. பிஸ்டன் மேலும் கீழும் போவதைச் சுற்றும் ஓட்டமாக மாற்றுவது அதுதான். கோணல் கோணலாக வளைந்திருக்கும். பெரிய ஆலைகளில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, அச்சில் அடித்து அதைச் செய்வார்கள். டேட்டன் சைக்கிள் கடையில் அந்த வசதி ஏது? டெய்லர் ஒரு முரட்டு எஃகுப் பலகையை எடுத்தார். 31 அங்குல நீளம், 6 அங்குல அகலம், கனம் 1 அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம், அதாவது 1⅝ அங்குலம். அதன்மேல் கிராங்க் ஷாப்ட்டின் வடிவத்தைக் கோடாக வரைந்தார். கோட்டின் ஓரமாக வரிசையாகத் துளை போட்டுக்கொண்டே போனார். பிறகு உளியையும் சுத்தியலையும் வைத்து வேண்டாத பாகத்தைத் தட்டிப் பெயர்த்தார். மிஞ்சியதை லேத்தில் பூட்டிக் கடைந்து வழவழப்பாக்கினார். முடிந்தபோது அதன் எடை 19 ராத்தல். லேத்தில் நின்று பழகிய நம் பெற்றோர்களுக்கு இது எவ்வளவு பொறுமையான வேலை என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு மயிரிழை பிசகினாலும் சுற்றும்போது ஆட்டம் கொடுக்கும். டெய்லர் கடைந்தது ஆடவில்லை.

இஞ்சினின் உடலை, அதாவது கிராங்க் கேஸை, அலுமினியத்தில் வார்த்தார்கள். அது டேட்டனில் இருந்த ஒரு வார்ப்புப் பட்டறையில் ஆன வேலை. சுத்த அலுமினியம் மென்மையானது என்பதால் நூற்றுக்கு 8 பங்கு செம்பு கலந்தார்கள். பின்னாளில் விமானங்களில் அலுமினியம் சர்வசாதாரணமாகிவிட்டது. 1903இல் அது புதுமை. எடையைக் குறைத்த சூட்சுமமே அதுதான்.

நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 4 அங்குல வாய், 4 அங்குல ஓட்டம், படுக்கை வாட்டத்தில் வைக்கப்பட்டவை. கார்ப்ரேட்டர் கிடையாது. மேலே கட்டிய சின்ன டாங்கியிலிருந்து பெட்ரோல் தானாகச் சொட்டிக் காற்று வரும் வழியில் விழும். இஞ்சின் சூட்டில் ஆவியாகிக் காற்றோடு கலந்து உள்ளே போகும். இப்போது மோட்டார் சைக்கிளில் இருக்கிற மாதிரி பிளக்கும் கிடையாது. சிலிண்டருக்குள் இரண்டு உலோக முனைகள் தொட்டுத் தொட்டு விலகும்போது பொறி பறக்கும். தண்ணீரைச் சுற்றவிடப் பம்பு இல்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டலும் இல்லை. ஓடினால் ஓடும், நிறுத்தினால் நிற்கும். ஆனாலும் சகோதரர்கள் 8 கேட்ட இடத்தில் டெய்லரின் இஞ்சின் ஏறக்குறைய 12 குதிரைச் சக்தி கொடுத்தது. ஓடத் தொடங்கிய முதல் சில வினாடிகளில் 16 வரை கூடப் போகும், சூடேறியதும் இறங்கிவிடும். இதையெல்லாம் ஆறே வாரத்தில் செய்து முடித்தார் மனிதர்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்திலேயே இதைவிடச் சிறந்த விமான இஞ்சின் ஒன்று இருந்தது. ஸ்மித்சோனியன் என்ற அமெரிக்க ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக இருந்த பேராசிரியர் லாங்லி, அரசாங்கப் பணம் 50,000 டாலருடன் ஒரு விமானம் செய்தார். பால்சர் என்பவர் தொடங்கி, மேன்லி என்பவர் செய்து முடித்த அதன் இஞ்சின் 52 குதிரைச் சக்தி கொடுத்தது. எடையோ ஏறக்குறைய டெய்லர் இஞ்சின் அளவுதான். அதிசயமான இஞ்சின். ஆனால் அந்த விமானம் 1903 அக்டோபரிலும் டிசம்பரிலும் இரண்டு தடவை ஆற்றில் விழுந்தது. ரைட் சகோதரர்களின் மொத்தச் செலவு 1,000 டாலருக்கும் குறைவு. எவ்வளவு சக்தி வேண்டும் என்று அவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. அதைச் செய்து கொடுக்கக் கைத்தொழில்காரர் ஒருவரும் பக்கத்தில் இருந்தார்.

1903 பிப்ரவரி 12ஆம் தேதி இஞ்சின் முதன்முதலாக ஓடியது. மறுநாளே பேரிங் இறுகி, கிராங்க் கேஸ் உடைந்து போனது. டெய்லர் சோர்ந்துவிடவில்லை. புது வார்ப்புக்குச் சொல்லி, ஏப்ரலில் அது வந்ததும் மறுபடியும் பூட்டினார். செப்டம்பரில் எல்லாம் கிட்டி ஹாக்கிற்குப் போனது. அங்கே இஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது காற்றாடியைச் சுற்றும் தண்டுகள் முறுக்கிக்கொண்டு கெட்டன. தண்டுகள் டேட்டனுக்கு வந்தன, டெய்லர் வலுவாக்கி அனுப்பினார். அவையும் விரிசல் விட்டன. கடைசியில் ஆர்வில் தாமே ஊருக்கு வந்து, உள்ளே குழல் இல்லாத கெட்டி எஃகில் புதுத் தண்டு செய்து எடுத்துக்கொண்டு போனார்.

1903 டிசம்பர் 17ஆம் தேதி நடந்தது உலகத்துக்கே தெரியும். முதல் தடவை 12 வினாடி, 120 அடி. அன்று நான்காவது தடவை வில்பர் ஏறியபோது 59 வினாடி, 852 அடி. டெய்லர் அந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்க்கவில்லை. அவர் டேட்டனில் சைக்கிள் கடையைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

நான்காவது தடவை இறங்கிய பிறகு பலத்த காற்று ஒன்று விமானத்தைத் தூக்கிப் புரட்டியது. இறக்கைகள் நொறுங்கின, டெய்லர் செய்த இஞ்சினின் உடலும் உடைந்தது. அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை. பெட்டிகளில் அடைத்து டேட்டனுக்குக் கொண்டு வந்து, கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் போட்டு வைத்தார்கள். உலகத்தின் விலைமதிப்பற்ற பொருள் ஒன்று கொட்டகையில் கிடக்கிறது என்று யாரும் நினைக்கவில்லை. அவர்களே அடுத்த விமானம், அடுத்த இஞ்சின் என்று ஓடிக்கொண்டிருந்தார்கள்.

1906 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு விமானக் கண்காட்சி நடந்தது. அதில் வைப்பதற்காக முதல் இஞ்சினின் கிராங்க் ஷாப்ட்டையும் பிளைவீலையும் இரவல் கொடுத்தார்கள். போனது போனதுதான், திரும்பி வரவே இல்லை. துளை துளையாகப் போட்டு, உளியால் தட்டி, லேத்தில் கடைந்தாரே டெய்லர், அந்தக் கிராங்க் ஷாப்ட்! அது எங்கே போனது, யார் கையில் கிடந்து துருப்பிடித்தது, ஒன்றும் தெரியாது. இன்று அந்த விமானத்தின் இஞ்சினில் இருக்கும் கிராங்க் ஷாப்ட்டும் பிளைவீலும் பின்னால் செய்த ஓர் இஞ்சினிலிருந்து எடுத்து மாட்டியவை.

அடுத்து 1913 மார்ச்சில் டேட்டன் நகரத்தில் பெருவெள்ளம். கொட்டகையிலிருந்த விமானப் பெட்டிகள் 11 நாள் தண்ணீரிலும் சேற்றிலும் மூழ்கிக் கிடந்தன. மேலே படிந்த சேறே கவசம் போலாகி, உள்ளே இருந்த பாகங்களுக்குப் பெரிய சேதம் வராமல் காத்துவிட்டதாம். மனிதர் மறந்ததைச் சேறு காப்பாற்றியது. 1916இல்தான் அதைத் திறந்து, பழுது பார்த்து, காட்சிக்கு வைத்தார்கள்.

இதற்கிடையில் டெய்லர் என்ன செய்தார்? 1904, 1905ஆம் ஆண்டுகளில் ஹப்மன் வெளி என்ற மாட்டு மேய்ச்சல் நிலத்தில் சகோதரர்கள் பழகியபோது தினமும் விமானத்தைப் பார்த்துக்கொண்டது அவர்தான். 1908 செப்டம்பரில் போர்ட் மையர் ராணுவ முகாமில் ஆர்வில் ஓட்டிய விமானம் விழுந்து, கூட இருந்த செல்பிரிட்ஜ் என்னும் ராணுவ அதிகாரி இறந்தார். விமானம் விழுந்து இறந்த முதல் மனிதர் அவர். ஓடிப்போய் ஆர்விலைத் தூக்கியவர்களில் டெய்லரும் ஒருவர். உடைந்த துண்டுகளை ஆராய்ந்து, காற்றாடி வெடித்ததுதான் காரணம் என்று கண்டுபிடிக்க உதவியவரும் அவரே. 1909இல் வில்பர் நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையைச் சுற்றிப் பறந்தபோதும் கூடவே இருந்தார். தாமும் விமானம் ஓட்டக் கற்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப ஆசை. சகோதரர்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நல்ல மெக்கானிக்கை இழக்க மனமில்லை போலும். சகோதரர்களை நான் குறை சொல்ல வரவில்லை. சம்பளம் ஒழுங்காகக் கொடுத்தார்கள், மரியாதையாக நடத்தினார்கள். ஆனால் அந்த ஆசை மட்டும் ஆசையாகவே நின்றுவிட்டது.

1911இல் ரோஜர்ஸ் என்பவர் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு விமானத்தில் போகத் துணிந்தார். டெய்லருக்கு நாளுக்கு 10 டாலர் பேசிக் கூட்டிக்கொண்டார். ஆர்வில் அவரை விட மனமில்லாமல், லீவு எடுத்துக்கொண்டு போ, வேலையை விடாதே என்று அனுப்பினார். மேலே விமானம், கீழே உதிரிச் சாமான்களோடு தனி ரயில். வழியெல்லாம் விமானம் விழுவதும் டெய்லரும் மற்ற மெக்கானிக்குகளும் ஓடிப்போய் ஒட்டுப்போடுவதுமாக 49 நாளில் கலிபோர்னியாவைத் தொட்டது. போய்ச் சேர்ந்தபோது புறப்பட்ட விமானத்தின் பாகங்களில் சிலதான் மிச்சம். ரோஜர்ஸ் பெயர் பத்திரிகைகளில் வந்தது. ஒட்டுப்போட்டவர்கள் பெயர் எங்கே வரப்போகிறது?

வில்பர் 1912 மே 30ஆம் தேதி விஷக்காய்ச்சலில் இறந்தார். ஆர்வில் 1915இல் கம்பெனியை விற்றுவிட்டார். டெய்லர் சில காலம் அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார். இந்த நேரத்தில் இன்னொரு தகராறு. லாங்லியின் விமானம்தான் பறக்கும் திறன் பெற்ற முதல் விமானம் என்று ஸ்மித்சோனியன் நிலையம் எழுதி வைத்தது. மனம் நொந்த ஆர்வில், 1928இல் தம் விமானத்தை அமெரிக்காவிலிருந்தே எடுத்து லண்டன் அறிவியல் காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். அதே ஆண்டு டெய்லரும் டேட்டனை விட்டுக் கலிபோர்னியாவுக்குப் போனார்.

போன இடத்தில் வாழ்க்கை சரியாக அமையவில்லை. உலகமெங்கும் பஞ்சம். ரப்பர் விலை விழுந்து நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறிப் போனார்களே, அதே பஞ்சம்தான். வேலை போனது. நிலத்தில் போட்ட பணமும் போனது. 1930இல் மனைவியும் காலமானார். பிறகு லாஸ் ஏஞ்சல்சில் ஒரு விமானக் கம்பெனியில் மணிக்கு 37½ காசுக்குச் சாதாரண மெக்கானிக் வேலை கிடைத்தது. கூட வேலை செய்தவர்கள் விமானம் விமானமாகச் செய்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நிற்கும் கிழவர்தான் முதல் விமானத்தின் இஞ்சினைச் செய்தவர் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

நம் தோட்டங்களிலும் ரப்பர் ஆலை இஞ்சினை முப்பது நாற்பது வருஷம் ஓட்டிய பிட்டர்மார்கள் இருந்தார்கள். துரைமார் பெயர் பழைய கணக்குப் புத்தகத்தில் இருக்கும். சத்தத்தைக் கேட்டே இஞ்சினுக்கு என்ன வியாதி என்று சொன்ன அந்தப் பிட்டர் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? வீட்டில் தாத்தா இருந்தால் மாணவர்கள் கேட்டுப் பாருங்கள். சரி, கதைக்கு வருவோம்.

மோட்டார் கார் முதலாளி ஹென்றி போர்டுக்குப் பழைய பட்டறைகளையும் வீடுகளையும் அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து காப்பாற்றும் வழக்கம் இருந்தது. மிச்சிகன் மாநிலத்து டியர்பர்னில் அதற்காகவே ஒரு கிராமம் அமைத்திருந்தார். 1936இல் ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடைக் கட்டடத்தை வாங்கினார், அவர்கள் பிறந்து வளர்ந்த குடும்பத்தின் வீட்டையும் வாங்கினார். கட்டடம் வந்துவிட்டது. உள்ளே லேத்து எங்கே இருந்தது, மேசை எந்தச் சன்னலோரம் கிடந்தது, இஞ்சின் எப்படிப் பூட்டப்பட்டது என்று யார் சொல்வது? சார்லியைத் தேடுங்கள் என்று ஆள் அனுப்பினார். தேடிப் பிடித்தார்கள். எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த டெய்லர் மிச்சிகனுக்கு வந்தார். தாம் நின்று வேலை பார்த்த கடையைத் தாமே மறுபடி ஒழுங்கு செய்தார். எது அந்தக் காலத்து மிஷின், எது பின்னால் வந்தது என்று அடையாளம் காட்டினார். முதல் இஞ்சினைப் போலவே ஓர் இஞ்சினும் செய்து கொடுத்தார். 1938 ஏப்ரல் 16ஆம் தேதி, வில்பரின் பிறந்த நாளில், கடையும் வீடும் திறந்து வைக்கப்பட்டன. சும்மா சொல்லக்கூடாது, கோடீஸ்வரர்கள் எத்தனையோ வகையில் பணம் செலவழிப்பார்கள். போர்டு செய்த செலவுகளில் இதை நான் மெச்சுவேன். கட்டடத்தோடு நிற்காமல் ஆளையும் தேடினாரே!

1941இல் டெய்லர் கலிபோர்னியாவுக்குத் திரும்பினார். போர்க்காலம். விமானத் தொழிலில் மறுபடி வேலைக்குப் போனார். 1945இல் மாரடைப்பு வந்தது, அதோடு வேலை செய்ய முடியாமல் போனது. 1948 ஜனவரி 30ஆம் தேதி ஆர்வில் இறந்தார். டெய்லருக்கு வருஷத்துக்கு 800 டாலர் கொடுக்க வேண்டும் என்று உயில் எழுதி வைத்திருந்தார். ஸ்மித்சோனியன் நிலையம் 1942இலேயே தன் தவற்றை ஒப்புக்கொண்டுவிட்டதால், 1948 டிசம்பர் 17ஆம் தேதி, முதல் விமானம் லண்டனிலிருந்து வந்து வாஷிங்டனில் குடியேறியது. அதே மாதத்தில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று டெய்லரின் ஞாபகங்களைக் கேட்டு எழுதி வெளியிட்டது. அப்போது அவருக்கு வயது 80. ஆணியில் குத்திய துண்டுத் தாள், எஃகுப் பலகையில் போட்ட துளைகள், ஆறு வார வேலை, இதெல்லாம் நமக்கு இன்று தெரிகிறது என்றால் அந்தக் கிழவர் வாய் திறந்து சொன்னதால்தான். இன்னும் சில வருஷம் யாரும் கேட்காமல் விட்டிருந்தால்?

விலைவாசி ஏறியது. 800 டாலர் எந்த மூலைக்கு? 1955இல் ஒரு பத்திரிகை நிருபர் அவரை லாஸ் ஏஞ்சல்ஸ் பொது மருத்துவமனையில், ஏழைகளுக்கான தர்ம வார்டில் கண்டுபிடித்தார். செய்தி வெளியானதும் விமானத் தொழில் துறையினர் பதறிப்போய்ப் பணம் திரட்டி, தனியார் மருத்துவ இல்லத்துக்கு மாற்றினார்கள். சில மாதம்தான் அங்கே இருந்தார். 1956 ஜனவரி 30ஆம் தேதி, ஆர்வில் இறந்த அதே தேதியில், 87ஆம் வயதில் கண்ணை மூடினார். கலிபோர்னியாவில் பர்பேங்க் நகரில் விமான முன்னோடிகளுக்காக உள்ள நினைவு மண்டபத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இறந்து 15 வருஷம் கழித்து, விமான இஞ்சின் வடிவமைப்பில் பேர் பெற்ற பொறியாளர் லியோனார்ட் ஹாப்ஸ் என்பவர் ரைட் இஞ்சின்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1971இல் ஸ்மித்சோனியன் நிலையமே அதை வெளியிட்டது. வரைபடம் இல்லாத இஞ்சினைப் பற்றி எழுதுவது லேசுப்பட்ட வேலையா? கிடைத்த பாகங்கள், கடிதங்கள், டெய்லர் சொல்லி வைத்தவை, எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டு நூற்றாண்டு விழாவில் பழைய முறைப்படியே விமானமும் இஞ்சினும் செய்து கிட்டி ஹாக்கில் பறக்க முயன்றார்கள். மழையும் காற்றில்லாத வானமும் சேர்ந்து கெடுத்தன, டிசம்பர் 17ஆம் தேதி அந்த விமானம் எழும்பவில்லை. நூறு வருஷ அறிவும் கம்ப்யூட்டரும் கையில் இருந்தும் அது சுலபமாக இருக்கவில்லை.

1903இல் காற்று புரட்டி உடைத்த அந்த அலுமினிய உடல், கிட்டி ஹாக் அருகே உள்ள ரைட் சகோதரர் நினைவிடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. சைக்கிள் கடை டியர்பர்னில் இருக்கிறது. விமானப் பராமரிப்பில் 50 வருஷம் உழைத்த மெக்கானிக்குகளுக்கு அமெரிக்க அரசின் விமானத் துறை கொடுக்கும் விருதுக்குச் சார்ல்ஸ் டெய்லர் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் பிறந்த மே 24ஆம் தேதியை அங்கே விமான மெக்கானிக்குகள் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.